லீவு நாள் மாத்திரை

செல்லப்பாவுக்கு உலகம் மஞ்சளாகிப் போய் அன்றைக்கு மூன்றாவது நாள். சுண்ணாம்புச் சுவர் மஞ்சள், சாயா ஊற்றிய தம்ளர் மஞ்சள், வெளியே கொட்டுகிற மிதுன மாதத்து மழைகூட அவருக்கு மஞ்சளாகத்தான் பெய்தது. பல்பைப் போட்டால் அதைச் சுற்றி ஒரு வளையம் நிற்கிறது என்றார். சோறு வேண்டாம், கஞ்சி வேண்டாம், மத்தி பொரிக்கிற வாசனை வந்தாலே குமட்டல். மஞ்சளாகத் தெரிந்தால் அது மஞ்சள்காமாலைதான் என்பதில் லைனில் யாருக்கும் மறுபேச்சு இல்லை. அவருடைய மனைவி முப்பிடாதிக்கும் இல்லை. இரண்டு நாளாக அவளே உப்பில்லாத கஞ்சி வைத்து, எண்ணெய்ச் சட்டியை அடுப்பில் ஏற்றாமல் இருந்தாள்.

லைன் என்பது மட்டாஞ்சேரியில் துப்புரவுத் தொழிலாளர்களுக்கென்று கட்டிய முப்பது வீடுகள். சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து என்றைக்கோ வேலைக்கு வந்தவர்களின் பேரப்பிள்ளைகள் இப்போது அங்கே இருக்கிறார்கள். வீட்டுக்குள் தமிழ், வாசலைத் தாண்டினால் மலையாளம், சண்டை வந்தால் இரண்டும். செல்லப்பா இருபத்திரண்டு வருஷம் கானையில் இறங்கினவர். கானை என்றால் சாக்கடை. பஜார் ரோட்டுச் சரக்குக் கிட்டங்கிகளின் இஞ்சித் தோலும் வெங்காயச் சருகும் அழுகி அடைத்துக்கொள்ளும்போது, கழுத்து முட்ட இறங்கி மூங்கிலால் குத்தி விடுகிற வேலை. இரண்டு வருஷம் முன்பு ஒருநாள் மேலே ஏறி வந்தவர் அப்படியே உட்கார்ந்துவிட்டார். சின்ன வயதில் வந்த காய்ச்சல் இதயத்தின் வால்வைச் சுருக்கிவிட்டதாக ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். மூத்திரம் போக ஒரு மாத்திரை, நெஞ்சுக்கு ஒரு சின்ன வெள்ளை மாத்திரை. அந்த வெள்ளை மாத்திரை திங்கள் முதல் வெள்ளி வரை தினம் ஒன்று. சனியும் ஞாயிறும் அதற்கு லீவு.

மாத்திரையோடு வேலைக்குப் போய்க்கொண்டிருந்த செல்லப்பா மூன்று மாதமாக மெடிக்கல் லீவில் இருந்தார். வருகிற முதல் தேதி மெடிக்கல் போர்டு என்று டாக்டர்கள் நாலு பேர் உட்கார்ந்து அவரைப் பார்ப்பார்கள். உடம்பு சரி என்றால் வேலை, இல்லையென்றால் வீடு. வீடு என்ற சொல்லையே அவர் காதில் வாங்கவில்லை.

அன்றைக்கு ஹர்த்தால், ஊரே கடையடைப்பு. முப்பிடாதி விடிந்ததும் பஜார் ரோட்டுக்குப் போய்த் தன் பங்கைப் பெருக்கிவிட்டு, குப்பை உந்துவண்டியை விடப் போனால் ஷெட் பூட்டிக் கிடந்தது. மேஸ்திரி வெங்கிடாசலம் ஹர்த்தாலைச் சாக்கு வைத்து வரவில்லை. தெருவில் விட்டால் கள்ளன் கொண்டு போவான் என்று, காலி வண்டியை லைனுக்கே தள்ளிக்கொண்டு வந்தாள். தலையில் பிளாஸ்டிக் உறையைக் கவிழ்த்து, மாராப்பை இடுப்பில் சுற்றி, ஒன்பது மணிக்கு வாசலில் நின்றபோது உள்ளே செல்லப்பாவின் அக்காள் அம்மிணியின் குரல் கேட்டது.

"வாயத் தொறடா தம்பி. ஒரே மடக்கு. வெறும் வயித்துல குடிக்கணும்னு வைத்தியரு சொல்லியிருக்காரு."

கூவப்பாடத்துக் காமாலை வைத்தியரிடம் காலையிலேயே நடந்து போய் வாங்கி வந்திருந்தாள் அம்மிணி. ஒரு குப்பியில் எண்ணெய் போல ஏதோ, வாழையிலையில் பச்சை உருண்டை ஒன்று.

"அது என்ன மதினி எண்ணெ?"

"வந்துட்டியா? இது வயித்தக் கழுவுற மருந்து. நாலு தரம் நல்லாப் போகும். அப்புறம் இந்த உருண்டை. மூணே நாள்ல காமாலை எறங்கிப்போகும்னாரு."

"நாலு தரம் போறதுக்கு அவரு வயித்துல என்ன இருக்கு? நேத்துலேருந்து பச்சத் தண்ணிகூட நிக்கல."

"நீ ஒரு வைத்தியச்சி! போ, போயி ஈரத் துணிய மாத்து."

முப்பிடாதி மாற்றவில்லை. செல்லப்பா பாயில் ஒருக்களித்துப் படுத்திருந்தார். கடைவாயில் வாந்தி காய்ந்திருந்தது. முந்தானை நுனியை நனைத்துத் துடைக்கக் குனிந்தவள், அப்போதுதான் அவர் கண்ணைக் கிட்டத்தில் பார்த்தாள். கட்டை விரலால் கீழ் இமையை இழுத்தாள். மறுகண்ணையும் இழுத்தாள்.

"மதினி, இங்க வாங்க. இந்தக் கண்ணப் பாருங்க."

"என்னத்தப் பாக்க?"

"வெள்ளையாக் கெடக்கு."

"அதுக்கு?"

"நம்ம ரஜிதாவுக்கு ஆறு வயசுல காமாலை வந்துச்சே, நீங்கதானே மடியில வச்சிருந்தீங்க. அவ கண்ணு எப்படி இருந்துச்சு? மஞ்சக் கெழங்கு மாதிரி. மூத்திரம் கட்டஞ்சாயா நெறத்துல போச்சு. ஆனா அவ ஒரு நாளாச்சும் செவரு மஞ்சளாத் தெரியுதுன்னு சொன்னாளா? இவருக்குக் கண்ணு வெள்ளை, பாக்குறது பூரா மஞ்சள். இது அது இல்ல."

"ஊருக்கெல்லாம் தெரிஞ்சது உனக்கு மட்டும் தெரியலயாக்கும்! உள்ளுக்குள்ள இருக்கும்டி. குப்பியக் குடு."

முப்பிடாதி குப்பியைக் கொடுக்கவில்லை. அதை எடுத்துத் தன் பின்னால் வைத்துக்கொண்டு, அவருடைய நெஞ்சில் உள்ளங்கையை வைத்தாள். இரண்டு வருஷமாகத் தினமும் வைக்கிற கைதான். அந்த நெஞ்சு அடிப்பது அவளுக்குப் பாடம். வலையில் விழுந்த மத்தி போல முறையில்லாமல் துள்ளும். இப்போது துள்ளவில்லை. ஒரு அடி. பிறகு ஒன்றுமில்லை. இன்னொன்று வருவதற்குள் அவள் இரண்டு எண்ணிவிட்டாள். சுமையோடு மாடி ஏறுகிறவன் படிக்குப் படி நின்று யோசிப்பது போல அடித்தது.

ஆஸ்பத்திரியில் முதன்முதலாக அந்த வெள்ளை மாத்திரையைத் தந்தபோது டாக்டர் சொன்னது அவளுக்கு அப்போது ஞாபகம் வந்தது. சோறு இறங்காவிட்டாலோ, ஓங்கரித்தாலோ, நெஞ்சு மெல்ல அடித்தாலோ மாத்திரையை நிறுத்திவிட்டு ஓடி வரணும் என்று சொன்னார். எழுந்து சாமி படத்துக்குப் பின்னாலிருந்த பவுடர் டப்பாவை எடுத்துப் பாயில் கவிழ்த்தாள். இரண்டு மாதத்துக்கென்று நாலு அட்டை வாங்கியது. ஒரு மாதம்தான் ஆகிறது. பாதியாவது மிச்சம் இருக்க வேண்டும். மூன்று அட்டை வெறும் கூடு. நாலாவது அட்டையில் மூன்று மாத்திரை.

காலையில் இவள் வேலைக்குப் போன பிறகு மாத்திரையை அவரே எடுத்துப் போட்டுக்கொள்வதுதான் வழக்கம்.

"ஏய்யா, மாத்திர எங்க?"

செல்லப்பா கண்ணை மூடிக்கொண்டார்.

"உம்மத்தான் கேக்கேன். எலி தின்னுச்சா?"

"போட்டேன்."

"எப்ப?"

"சனி, ஞாயிறு."

"சனி ஞாயிறு அதுக்கு லீவுன்னு தெரியும்ல?"

செல்லப்பா மெதுவாக, ஆனால் நியாயம் தன் பக்கம் இருக்கிறவர் போல, பேசினார். "லீவு நாள்ல டூட்டி பாத்தா நமக்குச் சம்பளம் எம்புட்டு?"

"ரெட்டிப்பு."

"அதே கணக்குதான் புள்ள. லீவு நாள்னா ஒண்ணுக்கு ரெண்டு. சனிக்கெழம ரெண்டு, ஞாயித்துக்கெழம ரெண்டு. நெஞ்சு லீவு எடுக்குதா? அதுவும் டூட்டியிலதானே நிக்கி? முதல் தேதிக்குள்ள ஆளு நிமிந்துரணும்லா."

முப்பிடாதிக்குச் சிரிப்பு வந்தது, அழுகை வந்தது, இரண்டையும் முந்திக்கொண்டு கோபம் வந்தது. "உம்ம நெஞ்சுக்கு எந்த மேஸ்திரி ஐயா ஞாயித்துக்கெழம டூட்டி போட்டான்?"

"மருந்து கூடப் போட்டா கூடக் கொணம்தானேடி?" என்றாள் அம்மிணி. ஆனால் அவள் குரலில் முன்பிருந்த பலம் இல்லை.

"இந்த மருந்துதான் மதினி இவரை மஞ்சளாப் பாக்க வைக்கி. காமாலையும் இல்ல, கத்திரிக்காயும் இல்ல." முப்பிடாதி குப்பியை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போய், மழைத் தண்ணீர் ஓடுகிற கானையில் கவிழ்த்தாள்.

"அடி பாவி! இடுப்பொடிய நடந்து போயி வாங்கினது!"

"திட்டுங்க. போற வழியெல்லாம் திட்டிக்கிட்டே வாங்க. ரஜிதா! காலி அட்டையெல்லாம் பொறக்கி எடு. அந்த மூணையும் எடு. மூத்திர மாத்திரையையும் விடாத."

தையல் கடைக்குப் போகிற ரஜிதாவும் ஹர்த்தாலால் வீட்டில்தான் இருந்தாள். "எதில கொண்டு போறது அம்மா? ஆட்டோ ஓடலயே. போன் பூத்தும் அடைச்சாச்சு, ஆம்புலன்ஸ விளிக்கவும் முடியாது."

முப்பிடாதி வாசலைப் பார்த்தாள். வண்டி மழையில் நனைந்துகொண்டு நின்றது.

இரண்டு வாளித் தண்ணீரை வீசி ஊற்றி, தேங்காய் நாரால் இரும்புத் தகட்டைத் தேய்த்து, பினாயில் விட்டுக் கழுவினாள். சாக்கு நாலை மடித்துப் போட்டு, அதன் மேல் பாயை விரித்தாள். அவளுடைய கை வேலை செய்கிற வேகத்தைப் பார்த்து அம்மிணி திட்டுவதை மறந்து நின்றாள்.

"நான் ஏற மாட்டேன்" என்றார் செல்லப்பா. "குப்பை வண்டியிலயா? நான் என்ன செத்த நாயா? நாலு பேரு பாப்பான்."

"பாக்கட்டும். பாக்குறவன் கண்ணுக்கு என்ன வரியா போட்டிருக்கு?"

"நான் நடந்தே வாரேன்."

"நடங்க பாப்போம்."

செல்லப்பா சுவரைப் பிடித்து எழுந்தார். இரண்டு எட்டு வைத்தார். மூன்றாவது எட்டுக்குக் கால் வரவில்லை. கண் செருகி மகள் தோளில் சரிந்தார். மூன்று பெண்களுமாகத் தூக்கி வண்டியில் கிடத்தி, தார்ப்பாயைத் தலைக்கு மேல் கூடாரம்போல் இழுத்துக் கட்டினார்கள்.

மட்டாஞ்சேரித் தெருக்கள் அப்படி வெறிச்சென்று கிடந்து பார்க்க முடியாது. கிட்டங்கிக் கதவுகள் எல்லாம் சாத்தியிருக்க, உள்ளே அடைபட்ட மிளகின் காரம் மட்டும் பலகை இடுக்கு வழியாக வந்து மூக்கில் ஏறியது. வண்டிச் சக்கரம் கல்லில் ஏறி இறங்கும்போதெல்லாம் முப்பிடாதி உள்ளே ஒரு கையை விட்டு நெஞ்சைத் தொட்டுப் பார்த்தாள். தள்ளு, தொடு, தள்ளு. அம்மிணி குடையைத் தார்ப்பாய்க்கு மேல் பிடித்துக்கொண்டு, தான் முழுக்க நனைந்து, ஓட்டமும் நடையுமாக வந்தாள்.

ஆஸ்பத்திரிக்குத் திரும்புகிற முக்கில் குறுக்கே கல்லை உருட்டிப்போட்டு, கொடியை நட்டு, ஏழெட்டு பேர் ஒரு கடைத் திண்ணையில் கேரம் போர்டு ஆடிக்கொண்டிருந்தார்கள். அதில் ஒருவன் பக்கத்துச் சந்து ஷாஜி.

"எவிடேக்கா சேச்சி? இன்னு ஹர்த்தாலல்லே" என்று ஒருவன் ஆட்டத்திலிருந்து தலையைத் தூக்காமல் கேட்டான். "குப்பை எடுக்கானும் பாடில்ல."

"எஞ்சின் இல்லாத வண்டிக்கும் ஹர்த்தாலா ஷாஜி?" என்றாள் முப்பிடாதி, கேட்டவனை விட்டுவிட்டு.

"எல்லாத்துக்கும்தான் சேச்சி. பார்ட்டி தீருமானம்."

"அப்ப உங்க பார்ட்டிகிட்டச் சொல்லி இந்த நெஞ்சை இன்னிக்கு நிக்காமப் பாத்துக்கச் சொல்லு." தார்ப்பாயின் ஒரு பக்கத்தை வெடுக்கென்று தூக்கினாள். செல்லப்பாவின் முகம் சாம்பல் பூத்துக் கிடந்தது. வாய் எதையோ முணுமுணுத்தது. "பாத்தியா? செல்லப்பா அண்ணன்தான். போன வெள்ளத்துல உன் வீட்டு முன்னால கானைக்குள்ள எறங்கினாரே, அவரு. இப்ப கல்லை நீ எடுக்கியா, நான் எடுக்கவா?"

ஷாஜி எழுந்தான். கேரம் காய்கள் சிதறின. மற்றவன் ஏதோ சொல்ல வாயெடுத்தான். "மிண்டாதிரியெடா" என்று அவனை அடக்கிவிட்டு, ஷாஜியே குனிந்து கல்லைப் புரட்டினான். அதோடு நிற்காமல் வண்டியின் பின் தண்டையும் பிடித்துக்கொண்டான். பாலத்து ஏற்றம் முழுக்க அவன்தான் தள்ளினான். முப்பிடாதி பக்கத்தில் நடந்தாள். ஒரு கை நெஞ்சில், ஒரு கை வண்டியில்.

ஆஸ்பத்திரியில் அவசரப் பிரிவு மேசையில் இருந்தவர் நனைந்து நிற்கிற நாலு பேரையும் வெளியே நிற்கிற வண்டியையும் மாறி மாறிப் பார்த்தார்.

"எந்தாணு அசுகம்?"

"மஞ்ஞப்பித்தம் சாரே" என்றாள் அம்மிணி, மூன்று நாள் பழக்கத்தில்.

"அது நாளே ஓ.பி.யில் காணிச்சா மதி. இன்னு டாக்டர்மாரு கொறவாணு" என்று நாளைக்கு வரச் சொன்னார்.

"அல்ல சாரே!" முப்பிடாதி அம்மிணியைப் பின்னால் தள்ளிவிட்டு, அட்டைகளை மேசையில் பரப்பினாள். "மஞ்ஞப்பித்தம் அல்ல. ஹார்ட்டு மருந்து கூடிப்போயி. வாரத்துக்கு அஞ்சு குளிகை கழிக்கான் பறஞ்சது. இவரு ஒம்பது முழுங்கியிருக்கு, நாலு வாரமாயிட்டு."

"நிங்ஙள் டாக்டரோ? அவிடே இரிக்கு."

"இரிக்கில்லா." அவள் குரல் வராந்தா முழுக்கக் கேட்டது. "இவரு நெஞ்சுல கைய வச்சுப் பாத்துட்டு அப்புறம் இரிக்கச் சொல்லுங்க. பாக்காம ஒரு ஆளும் எங்கள இரிக்கச் சொல்லக் கூடாது. எல்லாம் மஞ்சளாத் தெரியுதுங்காரு, லைட்டுக்குச் சுத்தும் வளையம்ங்காரு, கண்ணு ரெண்டும் வெள்ளையாக் கெடக்கு. வந்து பாருங்க!"

உள்ளேயிருந்து ஒரு பெண் டாக்டர் எட்டிப் பார்த்தாள். வயது இருபத்தைந்து இருக்கும். பாலக்காட்டு லமியா, வீட்டில் தமிழ் பேசுகிறவள்.

"லைட்டுக்குச் சுத்தும் என்னன்னு சொன்னீங்க?"

"வளையம்மா. வளையம்."

லமியா நேரே வண்டிக்கு வந்துவிட்டாள். மழையைக்கூடப் பார்க்கவில்லை. செல்லப்பாவின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு தன் வாட்சைப் பார்த்தாள். ஒரு நிமிஷம் முழுக்க எண்ணினாள்.

"முப்பத்தெட்டு" என்றாள். பிறகு உள்ளே திரும்பி மலையாளத்தில் சத்தம் போட்டாள். ஸ்ட்ரெச்சர் வந்தது, நெஞ்சில் ஒட்டுகிற கம்பிகள் வந்தன, ஊசி வந்தது, ரத்தம் எடுக்கிற குழல் வந்தது. மேசைக்காரர் தானே வந்து ஸ்ட்ரெச்சரின் ஒரு பக்கத்தைப் பிடித்தார்.

ஊசி போட்டுக் கால் மணி நேரம் கழிந்த பிறகுதான் லமியா வெளியே வந்தாள்.

"நாடி அம்பத்தாறுக்கு வந்திருக்கு. ஆனா பயம் மாறல. இந்த மருந்து சட்டுனு உடம்ப விட்டுப் போகாது. ஒரு நாள் போட்டது மறுநாளும் பாதிக்கு மேல உள்ளயே நிக்கும். அதான் ரெண்டு நாள் விடச் சொல்றது. அந்த ரெண்டு நாள்லயும் ரெண்டு ரெண்டாப் போட்டா, மேல மேல சேந்து நின்னுட்டது. இதை முறிக்கிற மருந்து ஒண்ணு உண்டு, இங்க கிடைக்காது. மாத்திரைய நிறுத்திட்டு, கம்பி மாட்டிக் காத்திருக்கணும். நாலஞ்சு நாள் ஆகும். வீட்ல வேற மருந்து ஏதாவது குடுத்தீங்களா? வயித்தக் கழுவ, பேதிக்கு?"

அம்மிணி குடையின் கம்பியை எண்ணத் தொடங்கினாள்.

"வாங்கி வச்சிருந்தோம். குடுக்கல" என்றாள் முப்பிடாதி. "கொட்டிட்டேன்."

"நல்ல காரியம் செஞ்சீங்க. பேதியானா உடம்புல ஒரு உப்பு எறங்கிடும். அது எறங்கினா இந்த விஷம் இன்னும் கூடும். வழியிலேயே நெஞ்சு நின்னிருக்கலாம்."

டாக்டர் உள்ளே போனாள். அம்மிணி முப்பிடாதியின் தலையைத் தன் ஈர முந்தானையால் துவட்ட ஆரம்பித்தாள். அதிலே ஈரம் கூடியதே தவிரக் குறையவில்லை. முப்பிடாதி தலையைக் காட்டிக்கொண்டு நின்றாள்.

அன்றும் மறுநாளும் நாடி ஏறுவதும் இறங்குவதுமாக இருந்தது. இரண்டு தடவை லமியா ஓடி வந்தாள். மூன்றாம் நாள் செல்லப்பா கொஞ்சம் கஞ்சி கேட்டார். நாலாம் நாள், தொட்டுக்கொள்ள ஒன்றுமில்லையா என்று சண்டை பிடித்தார். அன்றைக்குத்தான் லமியா அவரிடம் நேரில் சொன்னாள், இனிமேல் கானையில் இறங்குகிற வேலை இந்த நெஞ்சுக்கு ஆகாது, போர்டில் தானே எழுதிக் கொடுப்பதாக. செல்லப்பா சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துவிட்டார்.

"வேலையும் இல்லன்னா நான் இனி எதுக்குட்டி?"

"மூச்சு விடுறதுக்கு" என்றாள் முப்பிடாதி. "பெரிய பெரிய ஆளெல்லாம் அதை மட்டும்தான் பாத்துக்கிட்டுக் கெடக்கான். உமக்கு அது கொறச்சலாப் போச்சா?"

அதே நாள் சாயங்காலம் பார்வையாளர் நேரத்தில் மேஸ்திரி வெங்கிடாசலம் வந்தார். கையில் நாலு ஆரஞ்சு, சட்டைப் பையில் மடித்த காகிதம். ஆரஞ்சை வைத்துவிட்டுக் காகிதத்தை எடுத்தார்.

"ஒண்ணுமில்ல முப்பிடாதி. ஹர்த்தால் அன்னிக்கு வண்டிய எடுத்த வெவரம் மேல தெரிஞ்சா என்னைத்தான் கேப்பான். ஒரு மாப்பு எழுதிக் கொண்டாந்திருக்கேன். கையெழுத்து மட்டும் போடு."

"ரஜிதா, வாசி."

மலையாளத்தில் இருந்ததை ரஜிதா வாசித்துத் தமிழில் சொன்னாள். "குப்பை வண்டியை அனுமதி இல்லாம, குப்பை அல்லாத காரியத்துக்கு உபயோகிச்சது என் தப்பு. அறிவில்லாமச் செய்ததை மன்னிக்கணும். இனி செய்ய மாட்டேன்."

"போட்டுக் குடுத்துரு புள்ள" என்றார் செல்லப்பா கட்டிலிலிருந்து. "போர்டு வர்ற நேரத்துல எதுக்கு வம்பு?"

முப்பிடாதி காகிதத்தை வாங்கி, அதைத் திருப்பி, எழுதாத பக்கத்தை மகளிடம் நீட்டினாள்.

"எழுது. ஷெட்டு பூட்டிக் கெடந்துச்சு, மேஸ்திரி வரல."

"ஏ, அதை எதுக்கு..."

"எழுது ரஜிதா. வண்டியக் கழுவித்தான் எடுத்தேன். என் வீட்டுக்காரரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனேன். அறிவோடதான் செஞ்சேன். இனியும் தேவைப்பட்டாச் செய்வேன். இருபத்திரண்டு வருசம் இவரைக் கானைக்குள்ள எறக்கினப்ப, இது மனுசன் எறங்குற எடமான்னு மாப்பு கேட்டு எனக்கு யாரும் ஒரு காகிதம் குடுக்கல. அதனால இதுக்கு நான் மாப்பு சொல்ல மாட்டேன். எழுதியாச்சா?"

"எழுதியாச்சும்மா."

வெங்கிடாசலத்தின் சட்டைப் பையிலிருந்தே பேனாவை எடுத்து, மலையாளத்துக்குக் கீழே தமிழில், ஒவ்வொரு எழுத்தாக நிறுத்தித் தன் பெயரைப் போட்டாள். காகிதத்தையும் பேனாவையும் அவர் கையில் வைத்தாள்.

"இதைக் குடுத்தா ஃபைல்ல ஏறிரும் முப்பிடாதி. பின்ன அழியாது."

"ஏறட்டும். அழியாமக் கெடக்கட்டும்."

வெங்கிடாசலம் காகிதத்தை என்ன செய்வதென்று தெரியாமல் நாலாய் மடித்தார், எட்டாய் மடித்தார், பையில் வைத்துக்கொண்டு போனார். செல்லப்பா அவர் போன வழியையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, வந்த நாளிலிருந்து முதல் தடவையாக, வயிறு குலுங்கச் சிரித்தார். கம்பி மாட்டிய பெட்டியில் கோடு தாறுமாறாக எகிறியது.

"சிரிக்காதீரும், அந்தப் பெட்டி பயப்படுது" என்றாள் முப்பிடாதி. கட்டில் ஓரத்தில் ஏறி உட்கார்ந்து ஒரு ஆரஞ்சை உரிக்கத் தொடங்கினாள்.

பார்வையாளர் நேரம் முடிகிற மணி அடித்தது. நர்ஸ் வந்து கதவருகே நின்றாள். "சேச்சி, சமயம் கழிஞ்ஞு."

"கழியட்டும்" என்று சொல்லி, முதல் சுளையை அவர் வாயில் வைத்தாள் முப்பிடாதி.